காத்தாயி கம்பளி போட்ட கம்பி

எல்கடுவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒற்றை அறை வீடுகளாகப் பன்னிரண்டு காம்பரா வரிசையாகக் கொண்ட தொழிலாளர் லயம் ஒன்று. அந்த லயத்தில் எது பழுதானாலும், றைஸ் குக்கரோ டோர்ச் லைட்டோ கொழும்பிலிருக்கும் மகன் அனுப்பிய போனோ, அது நேரே கடைசிக் காம்பராவுக்குத்தான் போகும். அங்கே ரஜிதா இருந்தாள். அவளும் மற்றப் பெண்களைப் போலக் கொழுந்து பறிக்கிறவள்தான். ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருஷம் மாத்தளை டவுனில் முஸம்மில் நானாவின் போன் ரிப்பேர் கடையில் நின்றவள். சோல்டர் பிடிக்கத் தெரியும், செத்த பேட்டரிக்கு உயிர் கொடுக்கத் தெரியும். அதனால் லயம் அவளுக்கு 'பேட்டரி' என்றே பெயர் வைத்திருந்தது. புருஷன் ஜெயக்காந்தன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தான். மாதத்துக்கு ஒரு தரம் ஆசையாக வீட்டுக்கு வந்தால் பாவம், கட்டிலில் படுக்க இடமிருக்காது. ஸ்பீக்கரும் வயரும் படுத்திருக்கும்.

இந்த ரஜிதாவுக்கு ஒரு வருஷமாக நிம்மதி இல்லை. லயத்துக்குப் பின்னால் மேட்டில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு வெடிப்பு ஓடியது. முதலில் பார்த்தபோது அதற்குள் ஒரு விரல்தான் போனது. ஒரு மழைக்காலம் கழிந்த பிறகு கை முழுசாகப் போனது. ஆபிஸ்காரர்கள் வந்து பார்த்தார்கள், கல்லில் சிவப்புப் பெயின்ட் பூசினார்கள், வேறு இடம் கேட்டு எழுதுகிறோம் என்றார்கள். அவர்கள் எழுதினார்களோ இல்லையோ, பெயின்ட் மட்டும் அப்படியே இருந்தது.

பெரிய மழை வந்தால், மண் சரியலாம், வெளியேறுங்கள் என்று எல்லார் போனுக்கும் மெசேஜ் வரும். முதல் தரம் வந்தபோது லயமே பாயும் பானையுமாக ஸ்கூலுக்கு ஓடியது. இரண்டு நாள் சிமெந்துத் தரையில் கிடந்து இடுப்பு விட்டுப்போய்த் திரும்பினால், மேடு அசையவேயில்லை. கோழிகளைத்தான் காணவில்லை. இரண்டாம் தரமும் அதே கதை. அந்த முறை ஒரு வீட்டுக் காஸ் சிலிண்டர் நடந்து போயிருந்தது. மூன்றாம் தரம் மெசேஜ் வந்தபோது ஒருத்தரும் எழும்பவில்லை.

"அவனுகளுக்கென்ன, மாத்தளை முழுக்க ஒரே மெசேஜ அனுப்பிட்டுப் படுத்துக்குவானுக. நம்ம மேடு நம்மகிட்ட சொல்லட்டும், போவோம்" என்றாள் காத்தாயி.

காத்தாயி பக்கத்துக் காம்பராக்காரி. ஐம்பது வயது. அவள் வாயைத் திறந்தால் மெஷின் சத்தமே கேட்காது, தொழிற்சாலை நின்றுவிட்டதோ என்று பார்ப்பார்கள். சீனி வியாதியில் ஒரு காலை எடுத்துவிட்ட புருஷன் இருளாண்டியை ஒற்றை ஆளாகத் தூக்கி, கழுவி, சோறூட்டி வைத்திருந்தாள். அந்த வாய்க்குப் பின்னால் அவ்வளவு பாடு இருந்தது.

அவள் ஏதோ எரிச்சலில் சொன்னதுதான். ஆனால் ரஜிதாவுக்கு அது மனதில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. அவளுடைய அக்கா வேறொரு தோட்டத்தில் வாக்கப்பட்டு, ஒரு விடியற்காலை, லயத்தோடு மண்ணுக்குள் போனவள். அன்றைக்கு ஓடு என்று சொல்ல அங்கே ஒருத்தரும் இருக்கவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் ரஜிதாவுக்கு நெஞ்சு பற்றி எரியும். நம்ம மேடு நம்மகிட்ட சொல்லட்டும் என்றால், மேட்டுக்கு ஒரு வாய் வைத்துக் கொடுத்தால் என்ன?

வழி போனில், ஒரு வீடியோவில் கிடைத்தது. எந்த நாட்டுக்காரனோ, என்ன பாஷையோ, ஒருத்தன் கள்ளனைப் பிடிக்கக் கதவில் மணி கட்டிக்கொண்டிருந்தான். பாஷை புரியவில்லை, கை செய்தது புரிந்தது. உடுப்புக் கொடியில் மாட்டுகிற பிளாஸ்டிக் கிளிப் ஒன்று. அதன் இரண்டு உதட்டிலும் செம்புக் கம்பி சுற்றியிருந்தான். உதடுகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு, அந்தத் துண்டில் ஒரு நூல். கதவு திறந்தால் நூல் இழுபடும், துண்டு கழன்றுவரும், செம்பும் செம்பும் முட்டும், மணி அடிக்கும். ரஜிதா அந்த வீடியோவைப் பதினைந்து தரம் பார்த்தாள். அவன் கதவுக்குக் கட்டியதை நான் மேட்டுக்குக் கட்டுகிறேன் என்று முடிவு செய்தாள்.

அடுத்த சனிக்கிழமை மாத்தளைக்கு பஸ் ஏறினாள். முஸம்மில் நானா கடை முழுவதும் பழைய சாமான்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"நானா, பெருசா சத்தம் போடுற சாமான் ஒண்ணு வேணும்."

"ஊட்டுல மாப்பிள்ளை சொல் கேக்கிறதில்லையா தங்கச்சி?"

ரஜிதா சிரித்தாள். பிறகு வெடிப்பைப் பற்றிச் சொன்னாள். நானாவின் சிரிப்பு நின்றது. எழுந்து உள்ளே போய், தூசி தட்டி, ஒரு பழைய லொறி ஹோர்னைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கூடவே த்ரீவீலர் பேட்டரி ஒன்று.

"இது ஈக்கிதே, மலையில அடிச்சா பலாபத்வல வரைக்கும் கேக்கும். எடுத்திட்டுப் போங்க. அல்லாஹ் அது சத்தம் போடாமலே வெக்கட்டும்."

வெடிப்புக்கு மேலே ஒரு கம்பம் நட்டாள், கீழே ஒரு கம்பம். நடுவில் முறுக்கிய நல்ல இரும்புக் கம்பி. மேல் கம்பத்தில் கம்பியை இறுக்கிக் கட்டினாள். கீழ்க் கம்பத்தில் ஐஸ்கிறீம் டப்பா ஒன்றைக் கவிழ்த்து, அதற்குள் கிளிப்பை வைத்து, கம்பியின் நுனியைப் பிளாஸ்டிக் துண்டோடு பிணைத்தாள். அங்கிருந்து வயர் இறங்கி அவளுடைய காம்பராவின் பின்சுவருக்கு வந்தது. அங்கே ஹோர்ன், பக்கத்தில் பேட்டரி. வெடிப்பு இரண்டு விரல் அகலம் விரிந்தால் போதும், கீழ்க் கம்பம் விலகும், கம்பி துண்டை இழுக்கும், ஹோர்ன் கத்தும்.

முதலில் கம்பியை முழங்கால் உயரத்தில்தான் கட்டினாள். தோட்டத்து நாய்கள் ஓடுமே என்று யோசித்து இடுப்புக்கு உயர்த்தினாள். காட்டுப் பன்றி முதுகு உரசுமே என்று யோசித்து நெஞ்சு உயரத்துக்குக் கொண்டுபோனாள். காற்றில் ஆடுமே என்று இன்னும் முறுக்கி இறுக்கினாள். நாயை நினைத்தாள், பன்றியை நினைத்தாள், காற்றை நினைத்தாள். காத்தாயியை மட்டும் நினைக்கவில்லை. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. பேட்டரிக்குப் பைத்தியம் முத்திப்போச்சு என்பார்களே என்ற வெட்கம். காதும் காதும் வைத்தாற்போல் வேலையை முடித்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். அன்றைக்கு லயத்தில் ஒரு விசேஷம். யூனியன் தலைவர் மாணிக்கவாசகத்தின் மகளைப் பெண் பார்க்க பலாபத்வலையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆள் வந்திருந்தது. தலைவர் வேட்டி கசங்காமல் நின்று வரவேற்றார். வீட்டுக்குள் பலகாரத் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. பெண் தேத்தண்ணித் தட்டோடு கதவண்டை வந்து ஒரு கால் எடுத்து வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து ஹோர்ன் அடித்தது.

அடேயப்பா, அது சத்தமா அது! தேத்தண்ணித் தட்டு தரையில். "மேடு வருது, மேடு வருது" என்று எவனோ கத்த, லயம் முழுக்கக் குடல் தெறிக்க ஓடியது. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரையும் முந்திக்கொண்டு ஓடினார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஒற்றைச் செருப்போடு வேனில் ஏறியதைப் பார்த்தவர்கள் உண்டு. வேன் திரும்பிப் பார்க்கவேயில்லை.

பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ரஜிதா குடத்தைப் போட்டுவிட்டு மேட்டுக்குப் பறந்தாள். வெடிப்பு அப்படியே இருந்தது. கம்பிதான் வில்லாக வளைந்து தொங்கியது. அதில், தண்ணீர் சொட்டச் சொட்ட, ஆள் பாரத்துக்கு ஒரு கறுப்புக் கம்பளி. மழையில் கொழுந்து பறிக்கும்போது தலையில் போடுகிற கம்பளி. பக்கத்தில் காதைப் பொத்திக்கொண்டு காத்தாயி நின்றாள்.

"காத்தாயிக்கா! என்னா செஞ்சீங்க!"

"என்னாடி செஞ்சேன்? கம்பளி காயப்போட்டேன். நல்ல வெயில் படுற இடம், நல்ல இறுக்கமான கொடி. அது கத்தும்னு எனக்கு எந்தச் சாமி வந்து சொல்லிச்சு?"

"அது கொடியில்லக்கா! மேட்டுக்குக் கட்டுன கம்பி!"

"நெஞ்சு உசரத்துல கம்பி கட்டினா அது கொடிதான்டி. கட்டுறவ சொல்லிட்டுக் கட்டணும்."

பன்னிரண்டு காம்பராவுக்கு ஒரு கொடி போட இடமில்லாமல் தினமும் சண்டை பிடிக்கிற லயம் அது. ஒரு முள்ளுக்கம்பியைக்கூட விட்டுவைக்காமல் உடுப்புப் போடுவார்கள். ரஜிதாவுக்குக் கண்ணீர்தான் வந்தது. ஏனென்றால் காத்தாயி சொன்னது சரி.

தலைவர் மாணிக்கவாசகத்தின் முகத்தில் ஈயாடவில்லை. "நாலு மாசமா பேசிப் பேசி வரவழைச்ச சம்பந்தம். ஒரு கம்பளியால போச்சு. ரஜிதா, அந்தச் சனியனக் கழட்டிரு" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது ரஜிதாவுக்கு.

அவள் பேட்டரியைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். லயம் ஒரு வாரம் விழுந்து விழுந்து சிரித்தது. எந்த லொறி ஹோர்ன் அடித்தாலும் "யாரோ கம்பளி காயப்போடுறாங்க" என்பார்கள். பிள்ளைகள் அவளைக் கண்டால் ஹோர்ன் மாதிரிக் கத்திவிட்டு ஓடினார்கள். காத்தாயியோ இரண்டு பக்கமும் பட்டாள். சிரித்தவர்கள் அவளையும் சேர்த்துத்தான் சிரித்தார்கள். கோபத்தில் ரஜிதாவோடு பேச்சை நிறுத்திவிட்டாள். நடுவில் ஒற்றைச் சுவர், இருந்தும் பேச்சில்லை.

கார்த்திகை பிறந்ததும் மழை தொடங்கியது. முதல் நாள் பெய்தது, இரண்டாம் நாள் விடாமல் பெய்தது. போனுக்கு மெசேஜ் வந்தது. ஒருத்தரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ரஜிதா கதவருகில் நின்று மேட்டைப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பேட்டரியைப் பார்த்தாள். தலைவர் சொல்லை மீறினால் நாளைக்கு இந்த லயத்தில் ஒருத்தரும் அவளோடு சேரமாட்டார்கள். மீறாவிட்டால்? அக்காவின் முகம் வந்து கண்ணுக்குள் நின்றது. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினாள். மேட்டுக்கு ஏறிக் கிளிப்பைத் துடைத்து, புதுப் பிளாஸ்டிக் துண்டு சொருகினாள். வீட்டிலிருந்த பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துக் கம்பி நெடுகக் கட்டினாள். இனி எவளும் இதைக் கொடி என்று நினைக்கக் கூடாது. கீழே இறங்கிவந்து பேட்டரியை மாட்டினாள்.

மூன்றாம் நாள் மழையில் வேலை நிறுத்தியிருந்தார்கள். பின்னேரம் மூன்று மணி இருக்கும். எல்லா ஆட்களும் அடுப்படியில் குளிர் காய்ந்துகொண்டு உள்ளேயே இருந்தார்கள். அப்போது ஹோர்ன் அடித்தது.

ரஜிதா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தாள். முற்றத்தில் குதித்து ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். "வெளிய வாங்க! மேடு விலகிருச்சு! வாங்க!"

ஒரு கதவு திறந்தது. உள்ளேயிருந்து சிரிப்புத்தான் வந்தது. "பேட்டரி, இன்னைக்கு யாரு கம்பளி?" அடுத்த கதவில் ஒருத்தி ரொட்டி தட்டிக்கொண்டே, "அத நிப்பாட்டுடி, புள்ள தூங்குது" என்றாள். தலைவர் வீட்டு ஜன்னல் திறந்தது. "கழட்டச் சொன்னேன்ல? யார கேட்டு மாட்டுன?"

"தலைவரே, கால்ல விழுறேன், வந்திருங்க."

"மொதல்ல அத நிப்பாட்டு. பொறகு பேசுவோம்."

ரஜிதா மழையில் நின்று அழுதாள். வாய் விட்டு அழுதாள். ஹோர்ன் பின்னால் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. மேடு கடைசியில் வாய் திறந்து பேசிவிட்டது, கேட்கத்தான் ஆளில்லை.

அந்தக் கூச்சலில் காத்தாயி தன் கதவைத் திறந்தாள். ரஜிதாவை ஒரு பார்வை பார்த்தாள். அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பித் தன் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய கம்பளியைப் பார்த்தாள். மூன்று நாளாகக் காயாமல் ஈரமாகத்தான் தொங்கியது. அவளுடைய முகம் மாறிப்போனது.

முற்றத்தின் நடுவுக்கு வந்தாள். இடுப்பில் கை வைத்தாள். ஹோர்ன் சத்தத்தையே அமுக்கிக்கொண்டு அவள் குரல் எழும்பியது.

"ஏண்டி சிரிக்கிறவளுகளா! இந்த மழையில எவடி உடுப்புக் காயப்போடுவா?"

சிரிப்பு டக்கென்று நின்றது.

"சொல்லுங்கடி! நான்தானே அன்னைக்குப் போட்டேன்? என் கம்பளி இந்தா உள்ள தொங்குது! அப்ப அங்க இழுக்கிறது யாரு?"

அதற்குப் பிறகு யாரும் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டு கதவும் ஒன்றாகத் திறந்தன. பிள்ளைகளைத் தூக்கியவர்கள், அடுப்பில் தண்ணீர் ஊற்றியவர்கள், ஒன்றும் எடுக்காமல் ஓடியவர்கள். தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் காம்பராவிலிருந்து ஒவ்வொரு வீடாக நுழைந்து பார்த்து வந்தார். கடைசியில் காத்தாயியின் கதவண்டை வந்து நின்றார். உள்ளே இருளாண்டி கட்டிலில் உட்கார்ந்து, "என்னைய விட்டுட்டு ஓடுங்கப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"வாய மூடிக்கிட்டுக் கெடங்க" என்றாள் காத்தாயி. ஆணியில் கிடந்த கம்பளியை இழுத்துத் தரையில் விரித்தாள். இருளாண்டியை அதில் கிடத்தினார்கள். ஒரு மூலையைத் தலைவர் பிடித்தார், இரண்டு மூலையை இரண்டு ஆண்கள் பிடித்தார்கள், நாலாவது மூலையை ரஜிதா பிடித்தாள். எதிர்ப்பக்கத்து மேட்டில் இருந்த பிள்ளைக் காம்பராவுக்கு, பகலில் வேலைக்காரிகளின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற அந்தக் கட்டிடத்துக்கு, வழுக்கி வழுக்கித் தூக்கிப் போனார்கள். ஈரக் கம்பளி ஒரு தையல்கூட விடவில்லை.

அங்கே தலைவர் தலைகளை எண்ணினார். ஐம்பத்து மூன்று. திரும்ப எண்ணினார். ஐம்பத்து மூன்றுதான். லயத்தின் மொத்தக் கணக்கும் அதுதான்.

பள்ளத்துக்கு அப்பால் மழைக்குள் ஹோர்ன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. எல்லாரும் அதையே கேட்டுக்கொண்டு நின்றார்கள். அரை மணித்தியாலம் போனது. "பேட்டரி நல்ல பேட்டரிதான்" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

திடீரென்று ஹோர்ன் நின்றது.

ஒரு நிமிஷம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மலை இடுப்பை முறித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. தேயிலைச் செடிகள் நின்ற வாக்கிலேயே இறங்கி வந்தன. லயத்தின் கடைசி ஐந்து காம்பராக்கள் கண்ணெதிரே போயின. ரஜிதாவின் காம்பரா போனது, கட்டிலில் கிடந்த ஸ்பீக்கரும் வயரும் போயின, காத்தாயியின் காம்பரா போனது. பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அந்த அழுகைக்கு நடுவிலும் ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையின் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே அழுதாள்.

காத்தாயி ரஜிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் விடவேயில்லை.

"அன்னைக்கு நான் கம்பளி போடலைன்னா..." என்று தொடங்கினாள்.

"இன்னைக்கு இழுக்கிறது கம்பளியில்ல, மேடுதான்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுக்கா" என்றாள் ரஜிதா.

இரண்டு வாரம் கழிந்தது. லயத்துக்காரர்கள் இன்னும் ஸ்கூலில்தான் இருந்தார்கள். ஆனால் இந்த முறை ஆபிஸ்காரர்கள் வெறும் பெயின்டோடு வரவில்லை. சமதரையில் இடம் அளக்க நூல் கொண்டுவந்தார்கள், அளந்தும் காட்டினார்கள். பெண் பார்க்க வந்த பலாபத்வலைக்காரர்களும் சேதி கேட்டுத் திரும்ப வந்தார்கள். ஓடியதற்கு மாப்பிள்ளையின் அம்மா மன்னிப்புக் கேட்டாள். ஸ்கூல் வராந்தாவிலேயே வெற்றிலை மாற்றினார்கள்.

அடுத்த சனிக்கிழமை தலைவரும் ரஜிதாவும் காத்தாயியும் மாத்தளைக்கு பஸ் ஏறினார்கள். தோட்டத்தில் மேட்டுக்குக் கீழே இன்னும் ஆறு லயம் இருந்தது. முஸம்மில் நானா அவர்களைக் கண்டதும் கதிரையிலிருந்து எழுந்துவிட்டார்.

"அல்ஹம்துலில்லாஹ். கேள்விப்பட்டேன் தங்கச்சி. இனி என்னா வேணும்?"

"ஆறு ஹோர்ன், ஆறு பேட்டரி" என்றார் தலைவர்.

"நானா, ஆறு கட்டு கம்பி" என்றாள் ரஜிதா.

காத்தாயி இருவரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"பன்னெண்டு கட்டுப் போடுங்க நானா. ஒவ்வொரு மேட்டுலயும் கத்துறதுக்கு ஒரு கம்பி. அதுக்குப் பக்கத்துலயே, நல்ல வெயில் படுற எடமாப் பாத்து, காயப்போட ஒரு கொடி. பொம்பளைங்களுக்குக் கொடி குடுத்துட்டீங்கன்னா அந்தக் கம்பிய ஒருத்தியும் தொடமாட்டா."

முஸம்மில் நானா ரஜிதாவைப் பார்த்தார். ரஜிதா தலையாட்டினாள்.

"பன்னெண்டு" என்றாள். "அக்கா சொன்னா சரி."